மூக்குத்தி எங்கே போனது?

நம் தமிழ் நாளிதழ்களின் நினைவஞ்சலிப் பக்கத்தை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் ஐயாவின் தோள் மீது யாருடைய கையோ இருக்கும். கைக்குச் சொந்தக்காரர் இருக்க மாட்டார். ஓர் அம்மாவின் தலைக்குப் பின்னால் கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்குகள் எரியும். வேறொரு படத்தில் முகம் அகலமாக இழுபட்டிருக்கும். நீளமான படத்தைச் சதுரக் கட்டத்துக்குள் அடைத்த கோலம் அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சாவு வீட்டில், நள்ளிரவில், 'நல்ல படமா ஒண்ணு வேணும்' என்று கேட்டால் வேறு என்ன கிடைக்கும்? கையில் சிக்கிய கல்யாணப் படத்திலிருந்து தாத்தாவை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பேரன் அனுப்பியிருப்பான்.

கொஞ்ச காலமாக அந்தப் பக்கத்தில் இன்னொரு வகை முகமும் வரத் தொடங்கியிருக்கிறது. சுருக்கம் இல்லை, மச்சம் இல்லை, மெழுகு பூசியது போன்ற தோல், பளபளவென்று இரண்டு கண்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று கை வைத்திருக்கிறது என்று.

அண்மையில் காலை நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு நேயர் அம்மா இதைத்தான் சொன்னார். அவருடைய தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு படம், உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை. திவசத்துக்காகப் பேரன் அதைச் செயலியில் போட்டு, வண்ணமாக்கி, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா எங்கம்மா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாங்க. அதைக் காணோம். மூக்கும் அவங்க மூக்கு இல்ல. பையன் ஆசையா செஞ்சுட்டு வந்தான், அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

மூக்குத்தி எங்கே போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். மங்கிய பழைய படத்தில் மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். படத்தாளில் விழுந்த கீறலும் வெள்ளைப் புள்ளிதான். செயலிக்கு இரண்டும் ஒன்று, துடைத்துவிட்டது. மூக்கு மாறியதற்குக் காரணம் வேறு. இந்தச் செயலிகள் படத்தில் மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதில்லை. மங்கிய இடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று, தாங்கள் முன்பு பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான வேறு முகங்களை வைத்து ஊகித்து வரைகின்றன. வரைந்த கண், வரைந்த உதடு. சேலையின் நிறமும் ஊகம்தான். அது அரக்கா, பச்சையா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விடாதீர்கள். நீங்களே செய்யுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவர்கள் காட்டட்டும். எங்கே நிறுத்துவது என்பதை அந்த முகத்தை நேரில் பார்த்த உங்கள் கண்தான் முடிவு செய்ய வேண்டும். புதிதாகச் செயலி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இப்போது உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியே போதும்.

முதலில் பழைய படத்தைக் கைப்பேசியால் படமெடுக்க வேண்டும். பாதி வெற்றி இங்கேதான். இங்கே ஒழுங்காக எடுத்துவிட்டால் பின்னால் திருத்துவதற்கு அதிகம் இருக்காது. காலை 9, 10 மணிக்கு, வெயில் நேராக விழாத சன்னல் பக்கம் ஒரு மேசையைப் போடுங்கள். மேலே எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள். கைப்பேசியின் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் குண்டைப் போட்டுவிடும். மேசை மீது கறுப்புத் துணி இருந்தால் நல்லது. கேமராக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், மங்கலாக வரும் படங்களில் பாதி, சமையலறை எண்ணெய்க் கையின் வேலைதான்.

சன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, உங்கள் தலையின் நிழல் படத்தின் மேல் விழும். பக்கவாட்டில் இருக்கட்டும். கைப்பேசியைப் படத்துக்கு நேர் மேலே, மேசைக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்ந்தால் சதுரம் சரிவகமாகிவிடும். ரொம்பக் கிட்டே போகாமல் ஓரடி மேலே இருந்து, திரையில் '2' என்ற எண் இருந்தால் அதைத் தொட்டு எடுத்தால் ஓரங்கள் வளையாமல் வரும். திரையில் முகத்தின் மேல் ஒருமுறை தொடுங்கள், அங்கே தெளிவு வரும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். படச்சுருளா தீரப்போகிறது?

சட்டத்துக்குள் இருக்கும் படம் என்றால் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு ஈரக் காற்றில் பல ஆண்டுகள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த படத்தைப் பிரித்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். அப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், நீங்களும் உள்ளே தெரிவீர்கள். 80-களில் எல்லாருடைய வீட்டிலும் இருந்த, பிசுபிசுப்பான அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை மூடும் ஆல்பமும் இப்படித்தான். அந்தப் பசை படத்தை விடாது. பிளாஸ்டிக் தாளை மட்டும் மெல்லத் தூக்கிவிட்டு, படம் இருக்கும் இடத்திலேயே எடுங்கள். கண்ணாடியின் மினுமினுப்பு எப்படியும் போகவில்லை என்றால் கூகுளின் 'ஃபோட்டோஸ்கேன்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. திரையில் நான்கு புள்ளிகள் காட்டும், ஒவ்வொன்றின் மேலும் கைப்பேசியை நகர்த்தினால் மினுமினுப்பை நீக்கித் தரும். முகத்தை அது வரையாது.

படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். மறந்துவிடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலால் எழுதிய ஒரு பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இனித் திருத்தம். ஊடகத்துறை படித்தபோது எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, மூலப்பதிவில் கை வைக்கக் கூடாது என்பது. வானொலியிலும் அதுதான் வழக்கம். ஒரு நேர்காணலை வெட்டுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்வோம். படத்துக்கும் அதே விதி. படத்தைத் திறந்தால் கீழே ஒரு பென்சில் அடையாளமோ, மூன்று கோடுகள் கொண்ட அடையாளமோ, 'எடிட்' என்ற சொல்லோ இருக்கும். அதைத் தொட்டுத் திருத்துங்கள். சேமிக்கும்போது 'நகலாகச் சேமி' என்ற பொருளில் 'சேவ் காப்பி' என்று கேட்டால் அதையே தேர்ந்தெடுங்கள். ஐபோனிலும் சாம்சங்கிலும் 'ரிவர்ட்' என்று ஒன்று உண்டு. எவ்வளவு குளறுபடி செய்திருந்தாலும் பழைய படத்துக்கே கொண்டுபோய்விடும். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. தைரியமாகத் தொட்டுப் பாருங்கள்.

உங்களுக்குத் தேவைப்படும் திருத்தங்கள் மொத்தமே மூன்று. வெட்டுவது, ஒளி, நிறம்.

வெட்டுவதற்கு 'கிராப்' என்று பெயர். நான்கு மூலையையும் விரலால் இழுத்து மேசைத் துணியை வெளியே தள்ளுங்கள். கீழே ஓர் அளவுகோல் போல நகரும். அதை இழுத்தால் சாய்ந்த படம் நிமிரும். அதோடு நிறுத்துங்கள். முகம் மட்டும் போதும் என்று மற்றதை எல்லாம் வெட்டிவிடாதீர்கள். பின்னால் தெரியும் லயத்து வீட்டுக் கதவு, சுவரில் தொங்கும் நாட்காட்டி, மூலையில் நிற்கும் சைக்கிள், மேசை மேல் வானொலிப் பெட்டி (என் கண் முதலில் அங்கேதான் போகும், தொழில் புத்தி) எல்லாம் வேண்டும். அந்தப் படம் எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுத்தது என்பதை ஒரு நாள் அந்த நாட்காட்டிதான் சொல்லப்போகிறது. நினைவஞ்சலிக்கு முகம் மட்டும் வேண்டும் என்றால் அதற்கு ஒரு தனி நகல் செய்துகொள்ளலாம். தோளில் இருக்கும் கையை வெட்ட முடியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அது அவருடைய தம்பியின் கையாகத்தான் இருக்கும்.

இப்போது சில கைப்பேசிகளில் ஆளையே அழிக்கும் வசதியும் வந்துவிட்டது. விரலால் ஒரு வட்டம் போட்டால் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். குடும்பப் படத்திலிருந்து மருமகனை அழித்துக் கொடுக்க முடியுமா என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். அடுத்த தீபாவளிக்குள் சமாதானமாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதிலில்லை.

அடுத்தது ஒளி. இருட்டாக இருக்கிறது என்றவுடன் எல்லாரும் 'பிரைட்னஸ்' என்பதைத்தான் பிடித்து இழுப்பார்கள். அது படம் முழுவதையும் ஒரே அளவில் வெளுக்கும். தாத்தாவின் முகம் தெளிவதற்குள் அவருடைய வேட்டியும் சட்டையும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். அதற்குப் பதில் 'ஷேடோஸ்' என்பதைத் தேடுங்கள். நிழல் என்று பொருள். அது இருண்ட இடத்தை மட்டும் தூக்கும். வேட்டியின் மடிப்பு அப்படியே இருக்கும். படம் சாம்பல் பூத்தது போல் வெளிறியிருந்தால் 'கான்ட்ராஸ்ட்' கொஞ்சம் கூட்டுங்கள். எதை இழுத்தாலும், 'ஆ, இப்போ நல்லாயிருக்கு' என்று தோன்றும் இடத்திலிருந்து பாதி தூரம் பின்னால் வந்துவிடுங்கள். கண் பழகிவிட்டால் கை தாராளமாகிவிடும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் படத்தைத் திருத்தும்போது முகத்தை வெளுப்பாக்காமல் விடுவதில்லை. ஒளியைச் சரிசெய்வது வேறு, ஆளின் நிறத்தை மாற்றுவது வேறு. 'பியூட்டி' என்ற பெயரில் வரும் எல்லாமே இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. நாளெல்லாம் வெளியில் உழைத்துக் கறுத்த முகம் அது. அதைக் கொள்ளுப்பேரன் ஒரு மாவுப் பொம்மையாகப் பார்க்க வேண்டுமா?

மூன்றாவது நிறம். 70, 80-களில் எடுத்த வண்ணப் படங்கள் ஏன் செம்மண் நிறத்துக்குப் போயிருக்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். வெயில் பட்டதால் அல்ல. அந்தக் காலத்துப் படத்தாளில் மூன்று சாயங்கள் இருந்தன. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் மற்ற இரண்டுக்கும் முன்னால் மங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பு. அதைத் திருத்த 'டின்ட்' என்பதைப் பச்சைப் பக்கமும், 'வார்ம்த்' என்பதை நீலப் பக்கமும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு? படத்தில் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டிய ஒன்றைப் பாருங்கள். வேட்டி இருந்தால் வேட்டி. நெற்றியில் திருநீறு இருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. திருநீறு வெள்ளையாகத் தெரியும் இடத்தில் விரலை எடுத்துவிடுங்கள். முகம் தானாகச் சரியாகியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் கறை இருந்தால் இன்னும் எளிது. 'சேச்சுரேஷன்' என்பதை இடது கடைசிக்குக் கொண்டுபோனால் மஞ்சள் முழுவதும் வடிந்து, பழைய கறுப்பு வெள்ளை திரும்பும்.

இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கீறல் இருந்தால் இருக்கட்டும். முகத்துக்கு வெளியே சுவரில் ஒரு கறை இருந்தால் அழித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நட்டமில்லை. முகத்தின் மேல் இருக்கும் புள்ளியை மட்டும் தொடாதீர்கள். மச்சமோ மூக்குத்தியோ, அம்மைத் தழும்போ, பச்சை குத்திய புள்ளியோ, யார் கண்டது? நேயர் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். பழைய படத்தை எடுத்துவந்து சன்னலோரம் வைத்துப் பேரனையே படமெடுக்கச் சொல்லுங்கள், திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'இது மூக்குத்திடா' என்று காட்டுங்கள் என்றேன். அவனிடம் எப்படிச் சொல்வது என்ற கவலைக்கும் அதுதான் வழி.

'உங்கள் தாத்தாவைச் சிரிக்க வைக்கிறோம்' என்று கைப்பேசியில் விளம்பரம் செய்யும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல செயலிகள் மூன்று நாள் இலவசம் என்று அட்டை விவரத்தை வாங்கிக்கொண்டு, பிறகு வாராவாரம் பணம் எடுக்கும். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ 'சப்ஸ்கிரிப்ஷன்' பகுதிக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயம். பல குடும்பங்களில் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் அடையாள அட்டைப் படம்தான். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் வந்தபோது, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஸ்டூடியோ வாசலையே மிதிக்காத தோட்டத்துப் பெண்கள் பலர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமரா முன் உட்கார்ந்தது அதற்காகத்தான். பாதுகாப்புப் படைக்காக எடுத்த படம், இன்றைக்குப் பூசையறையில் மாலையோடு இருக்கிறது.

அந்த அட்டையைப் படமெடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் அப்படியே போடுகிறவர்கள் நிறைய பேர். வேண்டாம். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் போடுங்கள். இறந்தவரின் எண்தானே என்று நினைக்காதீர்கள். நிலமும் வாரிசும் பேசி முடியாத குடும்பங்களில் அந்த எண் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் சொந்த மைகாட் என்றால் கேட்கவே வேண்டாம். 12 இலக்கத்தில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். அட்டை முழுவதையும் அனுப்பியே ஆக வேண்டிய நேரம் வந்தால், எண்ணை மறைக்கப் படத்தின் மேல் கிறுக்கும் பேனாவில் மார்க்கர் வகையைப் பயன்படுத்தாதீர்கள். அது ஒளி ஊடுருவும் மை. கறுப்பாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் எண் மறுபடி தெரிந்துவிடும். மேலே முழுக் கறுப்புக் கட்டம் ஒன்றை வையுங்கள்.

திருத்திய படத்தைப் பிள்ளைகளுக்கு அனுப்பும்போது இன்னொன்று. புலனம், அதாவது வாட்ஸ்அப், சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடுகிறது. அது நாலு குழுக்களைச் சுற்றி வந்தால், நீங்கள் சன்னலோரம் பாடுபட்டு எடுத்த தெளிவு போயே போய்விடும். இணைப்பு அடையாளத்தைத் தொட்டு, 'ஃபோட்டோ' என்பதை விட்டுவிட்டு 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். படம் எடுத்தபடியே போகும். பத்திரிகைக்கு நினைவஞ்சலி கொடுக்கும்போதும் இப்படியே அனுப்புங்கள், அங்கே பக்கம் வடிவமைப்பவர் உங்களை வாழ்த்துவார்.

படத்தோடு சேர்த்து ஒரு குரல் பதிவும் அனுப்புங்கள். நான் வானொலிக்காரி, இதைச் சொல்லாமல் விட முடியாது. மைக் அடையாளத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். 'இடப்பக்கம் நிக்கிறது என் பெரியப்பா. பக்கத்துல குழந்தையைத் தூக்கி வச்சிருக்கிறது அத்தை, அந்தக் குழந்தை பொழைக்கல. சேலை ஊதா நிறம், நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல வந்தது.' இவ்வளவுதான். இதை எந்தச் செயலியாலும் ஊகிக்க முடியாது. ஐபோனில் படத்தை மேலே தள்ளினால் பெயர் எழுத இடம் வரும், கூகுள் ஃபோட்டோஸிலும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் படத்தை அனுப்பும்போது அந்த எழுத்து கூடவே போகும் என்று நம்பியிருக்க முடியாது. குரல் தனியாகவே போகும்.

கடைசியாக அச்சு. கைப்பேசி தொலையும், தண்ணீரில் விழும், கடவுச்சொல் மறந்துபோகும். நல்ல இரண்டு மூன்று படங்களையாவது காகிதத்தில் போட்டுவிடுங்கள். நம் கடைகளில் 4ஆர் என்று சொல்வது 4-க்கு 6 அங்குல அளவு. அந்த அளவுக்கு ஓரளவு புதிய எந்தக் கைப்பேசிப் படமும் தாராளமாகப் போதும். படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். இயந்திரத்தில் போடுவதற்கு முன் கடைக்காரப் பையன், உங்களுக்கு உதவுவதாக நினைத்து, முகத்தைக் கொஞ்சம் 'கிளியர்' பண்ணட்டுமா என்று கேட்பான். கேட்காமலும் செய்வான். பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். மலாயில் 'ஜாஙான் எடிட் முக்கா' என்றால் எந்தக் கடையிலும் புரியும். முக்கா என்றால் வேறொன்றும் இல்லை, நம் முகம்தான்.